மூவாயிரத்து எண்ணூற்றைம்பது கிலோ

"ஹலோ... ஹலோ? ஆளா, இல்ல மறுபடியும் மிஷினா?... அப்பாடா, ஆளுதான். கண்ணு, புண்ணியமாப் போகும், என்னை வேற யாருக்கும் மாத்தி விட்டுடாதே. காலையிலேர்ந்து நீ நாலாவது கம்பெனி... ஆமா... ஆமாமா, மோட்டார்ஹோம்தான். உள்ளயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வெச்ச வண்டி. நடுரோட்டுல நின்னுட்டா வந்து தூக்கிட்டுப் போக ஒரு பாலிசி வேணும்... பேரா? கிளெண்டா ஆக்ராய்ட். ஓட்லி, யார்க்‌ஷயர்... உன் பேரு?... கெய்லி. சரி, கேளு கெய்லி."

கிளெண்டாவின் முன்னால் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, மழை விட்ட நேரம் பார்த்து அவள் கணவர் நெவில் வண்டிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை கப்பல். வண்டியோடு கடல் கடந்து, குளிர்காலத்தை ஸ்பெயினில் கழித்துவிட்டு வருவதாக ஏற்பாடு. போன வருடம் போகாமல் இருந்து பார்த்ததில், ஜனவரி ஈரம் கிளெண்டாவின் நெஞ்சில் இறங்கி, பதினோரு நாள் மூச்சுக்கு அல்லாடிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொரு ஜனவரியை இங்கே தாங்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாலிசி எடுக்கும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. நெவிலுக்கு ஃபோனில் காத்திருக்கப் பொறுமை கிடையாது. வண்டியை மணிக்கணக்கில் துடைக்க மட்டும் எங்கிருந்தோ வந்துவிடும்.

"வயசா? வண்டிக்கா, எனக்கா?... வண்டிக்குப் பதினாலு... பதினஞ்சு வரைக்கும் எடுத்துப்பீங்களா? நல்லாயிருப்பே. மொதல் கம்பெனிக்காரன் பத்து தாண்டினா வேண்டாம்னுட்டான்... நீளம் ஏழு மீட்டர் நாப்பது, சைக்கிள் மாட்டற கம்பியும் சேத்து. ரெண்டாவது கம்பெனி ஏழுக்கு மேல தொட மாட்டாங்களாம். அந்த நாப்பதை ரம்பத்தால அறுத்துட்டா வருவீங்களான்னு கேட்டேன், வெச்சுட்டான்... சிரி கண்ணு, சிரி. எனக்குத்தான் தெம்பில்ல... மூணாவதா? பக்கத்துல இருக்கற மெக்கானிக் ஷெட் வரைக்கும்தான் இழுப்பாங்களாம். ஸ்பெயின் மலையில பக்கத்து ஷெட்டுன்னா என்ன? ஒரு ஆளு, ஒரு நாயி, ரெண்டு பேரும் மத்தியானம் தூங்குவாங்க... நீங்க வீடு வரைக்கும் கொண்டாந்து விடுவீங்களா? ஓட்லி வரைக்கும்?... எழுதிக்கோ, எழுதிக்கோ... எண்பத்தெட்டு நாள். தொண்ணூறைத் தாண்டினா அங்க விட மாட்டாங்களே... ஆமா... ஆமா... எடையா? இரு."

அவள் ஃபைலைப் புரட்டினாள். வண்டிக் கையேடு, கேஸ் ரசீது, நெவில் பத்திரப்படுத்தியிருந்த மெழுகு டப்பா விளம்பரம், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தத் தாள் கிடைத்தது.

"மூவாயிரத்து எண்ணூத்தம்பது கிலோ... ஆமா, மூணரை டன்னுக்கு மேலதான். அதனால என்ன?... ஓட்டறது எங்க வீட்டுக்காரரு. நெவில்... ஆமா, எழுபது முடிஞ்சுது, மார்ச்ல. கேக் வெட்டினோம்... லைசென்ஸா? புதுப்பிச்சாச்சு, அதெல்லாம் அவரே பண்ணிட்டாரு. கம்ப்யூட்டர்ல அஞ்சே நிமிஷம்... ஏன் கண்ணு, அஞ்சு நிமிஷத்துல முடியக் கூடாதா?... கார்டோட பின்பக்கத்தைப் படிக்கணுமா? எதுக்கு?... சரி, சரி. கோபம் இல்ல. அலுப்பு."

நடையில் தொங்கிய கோட்டுப் பையிலிருந்து நெவிலின் பர்ஸை எடுத்தாள். மூக்குக் கண்ணாடியைத் தேடி, அது தன் தலையிலேயே இருப்பதைக் கண்டு இறக்கிக்கொண்டாள்.

"கார் படம், நேரா தேதி இருக்கு... அதுக்குக் கீழ சின்ன லாரி படம்... ஒண்ணுமில்ல. வெறும் கோடு... நல்லாத்தான் பாக்கறேன் கெய்லி, கோடுதான் இருக்கு... மெதுவாச் சொல்லு... எழுபது ஆயிட்டா, இவ்வளவு எடை வண்டிக்கு டாக்டர் பாத்து எழுதித் தரணும்... அந்த ஃபாரம் தபால்லதான் போகணும்... கம்ப்யூட்டர்ல பண்ணினா கார் மட்டும்தான் வரும்... அப்ப மார்ச்லேர்ந்து அவரு இதை ஓட்டவே கூடாதா?... மே மாசம் ஸ்காட்லாந்து போனோமே! ரெண்டு வாரம்! ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஏரி, நடுவுல நான் வாயைத் திறந்துட்டுத் தூங்கிட்டு வந்தேன்... ரெக்கார்டு ஆவுதா? ஆகட்டும். இரு, வெச்சுடாதே."

ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள்.

"நெவில்! பைப்பை மூடு... மூடுன்னா மூடு. டாக்டர்கிட்டக் குடுக்கற ஃபாரம் ஒண்ணு தபால்ல வந்துதா?... பேச்சை மாத்தாதே. வந்துதா, வரலையா?... எங்க அது?... எப்பப் போட்டே குப்பையில?... ஏன்?... எந்தக் கண்ணு தெரியல?... இடதா?... எவ்வளவு நாளா?... ரெண்டு வருஷமா?"

நெவில் ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டே நின்றார். அதில் தண்ணீர் எப்போதோ வற்றிவிட்டிருந்தது. கிளெண்டாவுக்கு ஆத்திரம் வந்தது, அதைவிட அதிகமாகப் பயம் வந்தது.

"ஸ்காட்லாந்துல, அந்தப் பாலத்துக்கிட்ட சைக்கிள்ல போன பொண்ணு... நம்ம இடது பக்கமா... பள்ளத்துல விழப் பாத்தாளே. அவதான் தடுமாறினான்னு சொன்னே. நீ அவளைப் பாக்கவே இல்ல. இல்லியா நெவில்?... என்கிட்ட சொல்லியிருக்கலாமே... பயமா? எதுக்குப் பயம்?... வண்டியை வித்துடச் சொல்லுவேன்னா?... அட மடையா."

ஜன்னலைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்பத்து நான்கு வருடமாக ஒரே படுக்கையில் படுத்த ஆள் ஒரு கண்ணையே ஒளித்து வைத்திருந்தார். அவளுக்கு வலித்தது.

"இருக்கேன் கெய்லி... இல்ல, அழல. மூச்சு வாங்குது, அவ்வளவுதான்... டாக்டரைப் பாக்கலாம், ஆனா எழுதித் தர மாட்டாரு. அந்தக் கண்ணைப் பாத்துட்டு எப்படித் தருவாரு?... வேண்டாம்மா, பாலிசி எதுக்கு இனிமே. போகாத வண்டியை யாரு தூக்கணும்... வேற யாரு ஓட்டுவா? நாங்க ரெண்டு பேருதான்... நானா?... அறுபத்தாறு... லைசென்ஸ் எடுத்தது பத்தொம்பது வயசுல... தொண்ணூத்தேழுக்கு ரொம்ப முன்னாடி. அப்ப எடுத்தவங்களுக்கு எழுபது வரைக்கும் இந்த எடையும் சேத்தியா?... இரு, இரு, என் பை எங்க..."

பையைக் கவிழ்த்தாள். இன்ஹேலர், சீப்பு, சில்லறை எல்லாம் மேசையில் உருண்டன.

"கார் படம்... லாரி படம்... கெய்லி, தேதி இருக்கு! இன்னும் நாலு வருஷம் இருக்கு! நான் ஓட்டலாமா? நெஜமாவா?... கேட்டுக்கோ, நான் இதைத் தொட்டது ஒரே ஒரு தடவை. சூப்பர்மார்க்கெட் வாசல்ல தள்ளுவண்டி நிறுத்தற கூண்டு ஒண்ணு இருந்துது. நான் திரும்பினதுக்கு அப்புறம் இல்ல. அதோட அவரு விட்டதில்ல. நானும் கேட்டதில்ல... பயமாத்தான் இருக்கு. ஆனா ஜனவரியை நெனைச்சா அதைவிடப் பயமா இருக்கு."

அவள் எழுந்து, ஃபோனோடு வாசலுக்கு நடந்தாள்.

"எழுதிக்கோ. ஓட்டறவங்க பேரு, கிளெண்டா ஆக்ராய்ட்... ரெண்டாவது ஆளா? இல்ல. ஒருத்திதான்... வண்டி இன்சூரன்ஸ்லயும் மாத்தணுமா? மாத்திட்டுத்தான் வாசலைத் தாண்டுவேன்... ஓட்டறவங்களுக்கு உடம்பு முடியாமப் போனா ஓட்ட ஆள் அனுப்புவீங்களா? அதையும் சேத்துடு... ஆமா... ஆமா, சம்மதம்... ஒரு நிமிஷம். நெவில், சாவியைக் குடு... நான் கத்தல. குடு... இல்ல கெய்லி, நீ பாட்டுக்குப் பாலிசியை முடி. அவரு கையைத் தொடைச்சுக்கறாரு... எங்க போறே நெவில்?... வண்டியில ஏதோ பண்ணிட்டு எறங்கறாரு... சுத்தி அந்தப் பக்கம் போறாரு... கெய்லி, இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உக்காந்துட்டாரு. பெல்ட்டு கூடப் போட்டாச்சு... என்னைப் பாக்கல, நேரா கேட்டைப் பாத்துட்டு இருக்காரு... வெச்சுடறேன் கண்ணு. இன்சூரன்ஸ்காரனைக் கூப்பிடணும். சாவி வண்டியிலயே தொங்குது."