கொள்ளிடத்துப் பாலத்தில் ஏறியவன்

மாலை ஆறே கால் இருக்கும். சிதம்பரம் தாண்டி, கொள்ளிடத்தின் மேல் போகும் நாலு வழிப் பாலம். முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை... காற்று மட்டும். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது. என் நண்பன் கதிர்வேலுவின் சித்திக்கு நடந்தது.

சித்தி பெயர் சந்திரலேகா. கடலூர் முதுநகரில் வீடு. ஒரே மகன் அன்புமணி. அந்தப் பாலம் கட்டும்போது அங்கே இன்ஜினியர். "பாலம் தொறந்ததும் உங்க ரெண்டு பேரையும் கார்ல கூட்டிட்டுப் போறம்மா. அப்படியே சிதம்பரத்துல சாமி பாத்துட்டு வரலாம்" என்று சொல்லியிருந்தான். ஆற்றில் வெள்ளம் போன ஒரு நாள் சாரம் சரிந்தது. பிணமாகத்தான் வீட்டுக்கு வந்தான்.

பாலம் திறந்த பிறகும் சித்தி அந்தப் பக்கமே போகவில்லை. திடீரென்று ஒரு நாள் அவளே போகலாம் என்று கேட்டாள். சித்தப்பா ஞானசேகரன் காரை எடுத்தார்.

நடுப்பாலத்தில் நிறுத்தினார். சித்தி இறங்கிக் கைப்பிடிச் சுவரில் கை வைத்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. சுவரோ... காய்ச்சல்காரன் உடம்பு மாதிரிச் சுட்டது. ஈரச் சிமெண்ட் வாசனை. கீழேயிருந்து ஒரு சத்தம். டங்... டங்... கம்பியைக் கம்பியால் தட்டுகிற சத்தம். சித்தப்பா எட்டிப் பார்த்தார். தண்ணீர் மட்டும்தான்.

"வந்துடுடா கண்ணு. வூட்டுக்குப் போலாம்" என்றாள் சித்தி.

சத்தம் நின்றது.

அவர்கள் காருக்குத் திரும்பியபோது பின் கதவு திறந்து கிடந்தது.

சித்தப்பா வண்டியைத் திருப்பிச் சிதம்பரத்துக்கு விட்டார். கீழச் சன்னதிப் பக்கம் வண்டி நிறுத்தும் இடத்தில் சீட்டுக் கொடுத்தவர் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார்.

"பின்னால தூங்கற தம்பிய எழுப்பிடுங்க சார். பூட்டிட்டுப் போனா மூச்சு முட்டும்."

சித்தப்பா திரும்பிப் பார்த்தார், பின் சீட்டு காலியாக இருந்தது. சித்தி சிரித்தாள். மகன் போனபின் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

"நீங்க போயி கும்புட்டு வாங்க. நான் இவன்கூட இருக்கேன்."

அன்றிலிருந்து அன்புமணியின் அறையில் விரித்த பாய், எத்தனை தடவை காயப்போட்டாலும் ஈரம். ஆற்றுச் சேற்று வாசனை. சித்தி கதவோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பாள். 'அன்பு' என்று கூப்பிட்டுப் பார்ப்பாள். ஒன்றும் இல்லை. ஒரு விடியற்காலையில்தான் குரல் வந்தது. மெல்ல... தூக்கத்தில் புலம்புகிற மாதிரி.

"மாயீ... மாயீ..."

அது அவள் மகன் குரல் இல்லை.

சித்தப்பா அப்போதுதான் அவளிடம் சொன்னார். "அன்னைக்கு ரெண்டு பேரு விழுந்தாங்க லேகா. இன்னொருத்தன் பீகார்லேந்து வேலைக்கு வந்த பையன். அம்மாவ அவங்க ஊர்ல மாயீன்னுதான் கூப்புடுவாங்க. நம்ம புள்ள உடம்பாவது கெடச்சுது. அவனோடது கெடைக்கவே இல்ல."

மகன் இன்னொரு முறை செத்த மாதிரி சித்தி அழுதாள். வெயில் ஏறும்வரை அழுதாள்.

"பாலத்துலயே கொண்டுபோயி வுட்டுடுவோம்" என்றார் சித்தப்பா.

"என் புள்ளையத்தான் கூப்ட்டேன். அவன் வரல. நம்பி வந்தவன எப்டிங்க போன்னு சொல்றது? அவனப் பெத்தவ இன்னும் அவன் நம்பருக்குப் போன் போட்டுட்டு இருக்காளோ என்னமோ."

அன்று சாயங்காலம் கதிர்வேலுவுக்குச் சித்தியிடமிருந்து போன் வந்தது. அவன் டெல்லியில் வேலை பார்த்தவன்.

"சாப்புடுன்னு இந்தியில எப்டிடா சொல்லுவாங்க?"

"கா லோ பேட்டான்னு சொல்லலாம் சித்தி. பேட்டான்னா மகனே. யாருக்கு?"

சித்தி போனை அணைக்காமல் கீழே வைத்துவிட்டு, அதைத் திருப்பிச் சொன்னாள்... திக்கித் திக்கி.

கதிர்வேலு போனைக் காதிலேயே வைத்திருந்தான்.

பிறகு... ஒரு எவர்சில்வர் தட்டு தரையில் மெல்ல இழுபடும் சத்தம் கேட்டது.