ஏழுமலைக்குக் கொடுக்காத தண்ணீர்

குண்டு விழுகிறது. முதலில் ஊய்ங் என்ற சத்தம். பிறகு தரை உதறுகிறது. 1971 டிசம்பர், மேற்கு எல்லை. காலை ஏழு மணி. ஏழுமலையைப் பதுங்குகுழிக்குள் இழுத்துப் போடுகிறேன். அவன் விருத்தாசலம். நான் பக்கத்து நல்லூர். ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். அவன் வயிறு கிழிந்திருக்கிறது.

தண்ணீர் கேட்கிறான். என் இடுப்பில் குடுவை நிறையத் தண்ணீர். மூடியைத் திருகுகிறேன். அடுத்த குழியிலிருந்து மருத்துவ உதவியாளர் கத்துகிறார்.

"தண்ணி குடுக்காத! வயித்துக் காயம்! குடுத்தா செத்துடுவான்!"

மூடினேன். ஒன்பது மணிக்கு அவர் இருந்த குழியிலேயே ஒரு குண்டு விழுந்தது. உத்தரவு போட்டவர் செத்துப்போனார். உத்தரவை நான் விடவில்லை. ஏழுமலை பிழைக்க மாட்டான் என்று அதற்குள் தெரிந்துவிட்டது. காயம்பட்டவர்களை ஏற்றும் வண்டி வராது என்றும் தெரியும். அவன் நாக்கு உதட்டைத் தடவித் தடவிப் பார்த்தது. பதினொன்றேகாலுக்கு நின்றது. நான் ஒரு மடையன். ஒழுங்கான சிப்பாய் என்று பெயர் வாங்கிய மடையன்.

விடுப்பில் விருத்தாசலம் போனேன். ஏழுமலையின் அம்மா அஞ்சலை பீங்கான் கம்பெனியில் மண் சுமந்துகொண்டிருந்தார். முழங்கைவரை வெள்ளை. அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"எம் புள்ள வாயில யாராவது ஒரு சொட்டு ஊத்துனாங்களா தம்பி?"

எங்கள் பக்கம் சாகிறவர் வாயில் வேண்டியவர்கள் பால் ஊற்றுவார்கள். பிள்ளை தொண்டை நனையாமல் போனால் பெற்றவளுக்கு ஆறவே ஆறாது. நான் ஊற்றினேன் என்றேன். கூசாமல் சொன்னேன். அவர் என் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றிலிருந்து நான் அவருக்கு மகன்.

1974. அஞ்சலை அம்மா படுத்துவிட்டார். மண்தூள் நெஞ்சை அடைத்துவிட்டது. ஆள் அனுப்புகிறார்கள். போகிறேன். சொந்தக்காரர்கள் பால் கிண்ணத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். மகனுக்கு ஊற்றிய கைதான் முதலில் ஊற்ற வேண்டுமாம். அம்மாவே சொல்லிவைத்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கம்பவுண்டர் கத்துகிறார்.

"ஊத்தாதீங்க! முழுங்க முடியாது, பொறையேறிடும்! துணிய நனைச்சு ஒதட்டுல வைங்க, போதும்!"

துணி. பதுங்குகுழியில் என் பையில் கைக்குட்டை இருந்தது. நனைத்து ஏழுமலையின் உதட்டில் வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். தைரியம் வரவில்லை. அம்மா என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். ஊற்றினேன். பால் மூக்கு வழியாக வந்தது. இருபது நிமிடம் கரகரவென்று சத்தம். அதுவரை என் கையை அவர் விடவில்லை. "குடுத்து வெச்சவங்க" என்றார்கள் சொந்தக்காரர்கள்.

போரில் செத்தவர்கள் கணக்குக் கேட்டு வந்தீர்களே, எழுதிக்கொள்ளுங்கள். அன்று எங்கள் குழிகளில் செத்தவர்கள் ஐந்து பேர். அதில் ஏழுமலையைத் தாகத்தோடு அனுப்பியது நான். மூன்று வருஷம் கழித்து விருத்தாசலத்தில் என் கையால் ஒருவர். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.