வலி நின்ற நேரம்

ஜெயமேரி: நான் போட்டு அனுப்புன மாவுக்கட்டு எங்கங்க?

வெண்ணிலா: அது... நனஞ்சு போச்சுங்க சிஸ்டர்.

ஜெயமேரி: எதுல நனஞ்சுது?

வேடியப்பன்: மழைலங்க.

ஜெயமேரி: மலைல மழை பேஞ்சு ஒன்றரை மாசமாச்சு. உங்க ஊட்டுக்கு மட்டும் தனியாப் பேஞ்சுதா?

வெண்ணிலா: ஏனுங்க, நீங்க சும்மா இருங்க. நான் சொல்றேன்ல... குளிக்கறப்ப நனஞ்சுதுங்க.

ஜெயமேரி: குளிச்சதும் மூங்கில் பத்தை தானா வந்து ஒட்டிக்கிச்சாக்கும். முட்ட நாத்தம் வேற. வேடியண்ணா, கையை மேசை மேல வைங்க. துணிய வெட்டப் போறேன்.

வேடியப்பன்: வேண்டாங்க! பிரிச்சா எலும்பு வெலகிரும்னு சொன்னாரு.

ஜெயமேரி: யாரு சொன்னாரு?

வெண்ணிலா: கீழ ஒருத்தருங்க. எலும்பு கட்டறவரு. நீங்க சேலத்துக்குப் போயி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னீங்க. எங்கண்ணன்தான், அங்க போனா கம்பி வெச்சுருவாங்க, இங்க வான்னு...

ஜெயமேரி: எப்பப் போனீங்க?

வெண்ணிலா: மறுநாளேங்க. வெள்ளிக்கெழம.

ஜெயமேரி: இன்னிக்கு செவ்வாய். நாலு நாளா இந்தக் கட்டோடயா இருக்கறாரு? வெரல் என்ன நெறம்னு பாத்தீங்களா?

வெண்ணிலா: வெரல் மேலயும் துணி சுத்தி இருந்துச்சுங்க. காத்தால காப்பி குடுத்தேன், டம்ளரு கைல நிக்கல. அப்பத்தான் வெலக்கிப் பாத்தேன்... நாவப்பழமாட்டம் இருந்துச்சு. வர மாட்டேன்னாரு. ஜீப்புல ஏத்திக் கூட்டியாந்துட்டேன்.

ஜெயமேரி: கத்திரிகூட உள்ள போவல. இவ்வளவு இறுக்கம்... சில்வர் ஓக்கு மரத்துலருந்து உழுந்த கை வீங்காம என்ன பண்ணும்? வீக்கத்துக்கு எடம் உட்டுத்தான நான் ஒரு பக்கம் மட்டும் மாவு வெச்சேன்.

வேடியப்பன்: மெதுவாங்க... சோத்துக் கைங்க. மொளவு பறிக்கறதும் இதுலதான்.

ஜெயமேரி: தெரியும். துணி விட்டுருச்சு... நகத்த அமுக்குறேன். செவப்பு திரும்பி வரல. இப்ப வெரல நிமித்தப் போறேன், வலிச்சாச் சொல்லுங்க.

வேடியப்பன்: ஆ... ஐயோ... அம்மா!

வெண்ணிலா: பாத்தீங்களா, வலி இருக்குதுங்க! வலிச்சா நல்லதுன்னுதான் கட்டுனவரும் சொன்னாரு. எலும்பு கூடுதுன்னு அர்த்தமாம். ராத்திரி இவரு கத்தக் கத்த நான் சேர்வராயனுக்குக் கும்புடு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஜெயமேரி: வேடியண்ணா... நான் இன்னும் நிமித்தவே இல்ல. கண்ண மூடுங்க. ஊசி முனைய வெக்கறேன். எந்த வெரலு?

வேடியப்பன்: பெருவெரலு.

ஜெயமேரி: இப்ப?

வேடியப்பன்: சுண்டு... சுண்டுவெரலுங்களா?

வெண்ணிலா: சிஸ்டர், ஒரே வெரலத்தான குத்துறீங்க? ரத்தங்கூட வரலியேங்க...

ஜெயமேரி: பேசாம இருங்க. அண்ணா, கண்ணத் தொறங்க. வலி எப்ப நின்னுச்சு?

வேடியப்பன்: காத்தாலங்க. இன்னிக்குக் காத்தாலதான்.

ஜெயமேரி: மணி?

வேடியப்பன்: ஆறு... அஞ்சரை இருக்கும்.

ஜெயமேரி: அசையாம இருங்க, சேலத்து டாக்டருக்குப் போன் போடறேன்... டாக்டர், மலை மேலருந்து ஜெயமேரி. முன்னங்கை, நாட்டுக் கட்டு... பிரிச்சுட்டேன். நாடி கெடைக்கல, தொடு உணர்ச்சி இல்ல. வலி அஞ்சரைக்கு நின்னுதுங்கறாரு... சரிங்க. இல்லீங்க, இன்னொருக்காக் கேக்கறேன், லைன்லயே இருங்க.

வெண்ணிலா: என்னங்க சொல்றாரு?

ஜெயமேரி: கட்டோட இறுக்கத்துல சதை உள்ளுக்குள்ளயே வீங்கி நெரிபடுது. தோலக் கீறி உட்டா அழுத்தம் எறங்கும். காத்தாலதான் நின்னுதுன்னா கை பொழைக்க வழி இருக்குது. ஆம்புலன்ஸ் அனுப்பி, தியேட்டரையும் தயாரா வெக்கறாங்க.

வெண்ணிலா: கேட்டீங்களா? கை பொழச்சுரும்! ஏனுங்க... எதுக்கு அழுவறீங்க?

வேடியப்பன்: காத்தால இல்லாம... கொஞ்சம் முன்னாடின்னா?

ஜெயமேரி: எவ்வளவு முன்னாடி?

வேடியப்பன்: சும்மாத்தாங்க கேட்டேன்.

ஜெயமேரி: சும்மா கேக்கற நேரமா இது? சதை செத்து நாளாயிருந்தா, அதத் தொறக்கறதே ஆபத்து. சீழ் புடிச்சு ஒடம்பு பூரா விஷம் ஏறும். கையப் பாக்கப் போயி ஆளே போயிருவீங்க. அப்ப டாக்டர் வேற முடிவுதான் எடுப்பாரு.

வெண்ணிலா: வேறன்னா... கைய எடுத்துருவாங்களா?

ஜெயமேரி: உசுரக் காப்பாத்தணும்னா, ஆமாங்க.

வெண்ணிலா: அதெல்லாம் கெடையாதுங்க. நேத்து ராத்திரிகூடக் கத்துனாரு. பக்கத்து ஊட்டு மலரக்கா எந்திரிச்சு வந்து வெந்நி வெச்சுக் குடுத்துச்சு. முந்தாநேத்தும் கத்துனாரு. நானே சாட்சி. வலி இல்லாம யாராச்சும் அப்படிக் கத்துவாங்களா?

ஜெயமேரி: டாக்டர் லைன்ல இருக்கறாரு அண்ணா. என்ன நேரம் சொல்லட்டும்?

வெண்ணிலா: அஞ்சரைதாங்க! ஏனுங்க, வாயத் தொறந்து சொல்லுங்க...

வேடியப்பன்: ஞாயித்துக்கெழமையே நின்னுருச்சு புள்ள. வலி நின்னா எலும்பு நழுவிருச்சுன்னு அர்த்தம், கூட்டியாங்க, மறுக்கா இழுத்துக் கட்டறேன்னு கட்டுனவரு உங்கண்ணன்கிட்டச் சொல்லி உட்டாரு. வெள்ளிக்கெழம மூணு பேரு என்னைய அமுக்கிப் புடிச்சு இழுத்தாங்க... நீ வெளிய இருந்த, பாக்கல. இன்னொருக்கா அது என்னால ஆவாது. அதான்... ரெண்டு ராத்திரியும் வலிக்கற மாதிரி கத்துனேன்.