துருவுக்குப் பத்து நிமிடம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், எரிந்துபோன டாங்கி கறுப்பாக இருக்காது.

இந்த விஷயத்தில் உலகம் வெகுகாலமாக ஏமாற்றப்பட்டு வருகிறது. சினிமாவில் கறுப்பு, காலண்டரில் கறுப்பு. உண்மையில் தீயில் பெயிண்ட் மொத்தமும் உரிந்து, இரும்பு வெற்றுடம்பாகி, அடுத்த ஈரத்துக்கே துருப்பிடித்துவிடும். மாங்காய் ஊறுகாய் ஜாடியில் கடைசியாக மிஞ்சும் எண்ணெயின் நிறம். அந்த நிறத்தைப் பிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது.

சுடலைமணி அண்ணாச்சி எப்படி இறந்தார் என்று எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். துருவை விட்டுவிட்டு அதைச் சொல்ல வராது.

என் பெயர் பாண்டியராஜ். வயது ஐம்பத்திரண்டு. தென்காசியில் ரப்பர் ஸ்டாம்ப் கடை வைத்திருக்கிறேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ‘உண்மை நகல்’ என்று எந்த அதிகாரி முத்திரை குத்தினாலும் பாதிக்குப் பாதி அது நான் செய்து கொடுத்த முத்திரைதான். வீடு மேலகரத்தில். பொடி எழுத்துகளைத் தலைகீழாகப் படித்துப் பழகிய கண்ணுக்குப் பொழுதுபோக்கும் பொடியாகத்தான் அமைந்தது. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, வர்ணம் பூசி, முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் போர் வாகனங்கள் செய்வேன். டாங்கி என்றால் பீரங்கி வண்டி. இதை விளக்க வேண்டியிருக்கிறது. “உடைஞ்சுபோன டேங்க் ஒண்ணு செய்யுதேன்” என்று கடைக்கு வந்த உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்து, “அண்ணாச்சி, அந்தத் தண்ணி டேங்க் காண்ட்ராக்டுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல” என்றார்.

பக்கத்து வீட்டு சுடலைமணி அண்ணாச்சிக்கு எழுபத்தாறு வயது. பட்டாளத்தில் டாங்கி ஓட்டியவர், எழுபத்தொன்றாம் வருஷப் போருக்குப் போய்த் திரும்பியவர். ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும் மெடல்களைக் குத்திக்கொண்டு தெருவில் கொடியேற்றுபவர் அவர்தான். பிறகு பேசுவார். நான் இந்தத் தெருவுக்கு வந்த வருஷம் அவர் பேச்சில் அழிந்த எதிரி டாங்கிகள் மூன்று. வருஷத்துக்கு ஒன்றாகக் கூடி, போன ஆண்டு பதினொன்றாகியிருந்தது. அவருக்கு வலக்கை மோதிர விரல் பாதிதான். எதிரியின் குண்டுச் சிதறல் என்பார். ஓய்வுபெற்று வந்து ஐந்தருவியில் சீசன் கடை போட்டிருந்தபோது கரும்புச்சாறு மிஷின் தின்ற விரல் என்பார் அவர் மனைவி கோமதியம்மாள்.

காற்றடைத்த எதைப் பார்த்தாலும் ஊசி தேடுகிற சுபாவம் எனக்கு. ஆகவே ஒரு திட்டம் போட்டேன். அவர் ஓட்டிய அதே டாங்கியை, அடிபட்டு எரிந்து நின்ற கோலத்தில் செய்வது. அவரையே பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுச் செய்வது. பேச்சுக்கும் நடந்ததற்கும் உள்ள தூரம் அளந்தாற்போல் தெரிந்துவிடும். கோயம்புத்தூரில் மாதிரி வடிவங்களுக்கு ஒரு போட்டி நடக்கிறது, அதற்கும் அனுப்பலாம்.

தை மாதம் தொடங்கினேன். அண்ணாச்சி தினமும் வருவார். என் வேலை மேசைக்குப் பின்னால் இரும்பு பீரோவை ஒட்டி ஒரு நாற்காலி, அதில் உட்கார்ந்துகொள்வார்.

“ஏலே பாண்டி, கருப்பு அடிக்காதலே. எரிஞ்ச டேங்கு கருப்பா இருக்காது. பாத்தவன் சொல்லுதேன்.”

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மை அது. டாங்கி உருவம் பெறப் பெற அவர் பேச்சு இளைத்தது. பங்குனியில் பதினொன்று ஐந்தாயிற்று. சித்திரையில் ஒன்று. வைகாசியில் ஒருநாள், நான் மேல்மூடியின் கீலை ஒட்டிக்கொண்டிருந்தபோது, கேட்காமலே சொன்னார்.

“நாங்க ஒண்ணையும் அடிக்கலலே. எங்களத்தான் அடிச்சாங்க. நான் முன்மூடி வழியா வெளிய விழுந்துட்டேன். தாமஸ் உள்ள மாட்டிக்கிட்டான். புனலூர்க்காரன், இருவது வயசு. நீ ஒட்டுத பாரு, அந்த மூடிதான். இறுகிப்போச்சு, வெளிய இருந்து நெம்பணும். உள்ள இருந்து தட்டுதான். சேட்டா, துறக்கு, அண்ணே தொறன்னு தட்டுதான். நான் வாய்க்காலுக்குள்ள கெடக்கேன். பத்து நிமிசம் தட்டுனான். பெறவு தட்டல.”

“போய்த் தூக்க வேண்டியதுதான அண்ணாச்சி?”

“போகலைலே. கோமதிக்குக்கூட தெரியாது” என்றார்.

எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது ஒரு யோசனை. மூடி கொஞ்சமாகத் திறந்திருக்கிறது, இடுக்கில் ஒரு கை. அவ்வளவுதான். பதினொரு டாங்கிப் பேச்சுக்கு அந்த ஒரு கை போதும். அடுத்த ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடிமரத்தடியில் வைத்துவிட்டால் அண்ணாச்சி வாயைத் திறக்க மாட்டார்.

யோசனையை அவரிடமே சொன்னேன். ஒளித்துச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

“கைய வைக்காதலே,” என்றார். “உனக்குப் புண்ணியமாப் போகும். டேங்க எப்பிடி வேணாலும் எரிச்சுக்கோ. அந்தக் கை மட்டும் வேண்டாம்.”

“உண்மைதான அண்ணாச்சி?”

அதன்பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. தினமும் வந்து பீரோ ஓரமாக உட்கார்ந்து, நான் கை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். உண்மை நகல் எடுப்பவனிடம் உண்மையைக் கொண்டுவந்து கொடுத்தது அவர். அதில் என் தவறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

கை வரவில்லை என்பது வேறு விஷயம். பிசைந்து வைத்தால் இறுகிவிடும் எபாக்சி பசையில் அரை சென்டிமீட்டருக்குக் கை செய்வது லேசு இல்லை. முதல் கை ஆட்டோவை நிறுத்தியது. இரண்டாவது ஓட்டுக் கேட்டது. மூன்றாவது ஆசி வழங்கியது. தட்டுகிற கை ஒன்றுகூட அமையவில்லை.

துருவும் அமையவில்லை. செய்முறை இதுதான்: அடியில் துரு நிறம். அதன்மேல் முடிக்கு அடிக்கிற ஹேர் ஸ்பிரே. அதன்மேல் பட்டாளத்துப் பச்சை. பச்சை முக்கால்வாசி காய்ந்திருக்கும்போது தண்ணீர் தொட்டுத் தூரிகையால் தேய்த்தால், ஸ்பிரே கரைந்து, பச்சை செதில் செதிலாக உரிந்து, துரு எட்டிப்பார்க்கும். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும். முந்தினால் கூழ், பிந்தினால் கல். ஆனியில் குற்றாலத்துச் சாரல் மேலகரம் வரைக்கும் நனைக்கும்போது எது காயும்? ஊரே சாரலைக் கொண்டாடிக்கொண்டிருக்க, நான் ஒருவன்தான் வெயிலுக்கு ஏங்கினேன். இரண்டு தடவை பூசி, இரண்டு தடவையும் கூழாகி, வழித்துப் போட்டேன்.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தன்று கோமதியம்மாள் சிவகிரியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார். காலையில் வந்து என்னிடம் ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்தார்.

“தம்பி, சாயங்காலம் வந்துருவேன். நெஞ்சு வலிக்குன்னாகன்னா இதுல ஒண்ண நாக்குக்கு அடில வச்சிருங்க. தாமசிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. வலி வந்தா அவுகளுக்குப் பேச வராது, தட்டுவாக. என்னையவே அப்பிடித்தான் கூப்பிடுவாக, கதவுல ரெண்டு தட்டு. அம்பது வருசமா பேரு சொன்னதில்ல.”

“நான் பாத்துக்கிடுதேன் மதினி” என்று அட்டையைச் சட்டைப் பையில் வைத்தேன்.

அன்றைக்குப் பதினோரு மணிக்குச் சாரல் நின்று வெயில் அடித்தது. ஜன்னலோரம் வைத்துப் பச்சை பூசினேன். அழகாகக் காய்ந்தது. இடப்பக்கம் தண்ணீர் தொட்டு இரண்டு தேய்ப்புத் தேய்த்திருப்பேன், முதல் செதில் உரிந்து துரு தெரிந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவை. அப்போது பின்னாலிருந்து “ஏலே பாண்டி” என்றார் அண்ணாச்சி. குரல் சரியாக இல்லை. பிறகு பீரோவில் தட்டினார்.

“ஒரு நிமிசம் அண்ணாச்சி” என்றேன். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை.

கையெல்லாம் தண்ணீரும் பெயிண்டும். கழுவி, துடைத்து, மாத்திரையை எடுத்து, கொடுத்து, உட்கார்ந்தால் மேசையில் கல் இருக்கும். அடுத்த வெயில் எப்போது என்று யாருக்குத் தெரியும்?

தட்டல் சீராக இருந்தது. இரும்பு பீரோ அல்லவா, யாரோ உள்ளேயிருந்து தட்டுவதுபோலவே கேட்டது. அந்தத் தாளத்துக்குத் தூரிகையைத் தேய்த்தேன். அதுவரை வராத ஒரு ஒழுங்கு கைக்கு வந்தது.

பத்து நிமிடத்துக்குள் இடப்பக்கம் முடிந்துவிட்டது. தட்டல் மெலிந்திருந்தது, நிற்கவில்லை. அப்போதாவது ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்டீர்கள். வலப்பக்கம் பாக்கி இருந்தது, மேடம். ஒரு பக்கம் துருப்பிடித்து மறுபக்கம் புத்தம்புதிதாக நிற்கிற டாங்கியை யார் நம்புவார்கள்?

வலப்பக்கம் பாதியில் தட்டல் நின்றது. முடித்துவிட்டுத்தான் திரும்பினேன்.

ஒன்றரை மாதமாக எனக்கு வராத கை அங்கே இருந்தது. மணிக்கட்டு பீரோவின் கைப்பிடியில் மாட்டி, விரல்கள் மடங்கி, முட்டிகள் இரும்பைத் தொட்டபடி. ஆட்டோவை நிறுத்தவில்லை, ஓட்டுக் கேட்கவில்லை. தட்டி ஓய்ந்த கை. உயிர் இருந்ததா என்று கேட்டீர்கள். பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன். பசையைப் பிசைந்து, ஊசியால் ஒவ்வொரு விரலாக, கண்டது கண்டபடி செய்தேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும். வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை.

அதன்பிறகு அவர் கையை எடுத்து மடியில் வைத்து, விரல்களை நீவி நேராக்கினேன். என் கையைக் கழுவினேன். தெருவைக் கூப்பிட்டேன். சாயங்காலம் கல்யாணப் பட்டுச் சேலையோடு வந்து இறங்கிய கோமதியம்மாளிடம், “தூக்கத்துலயே போயிட்டாரு மதினி, வலியே இல்ல” என்றேன். பதினாறாம் நாள் கழித்து மாத்திரை அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். பத்தும் இருந்தன. “வேதனப்படாம போனாகளே, அது போதும்” என்று அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆயுசு முழுக்க அவர் சொல்லிக்கொண்டு வாழ ஒரு ஆறுதலை நான்தான் கொடுத்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடியேற்ற ஆள் இல்லை. நானே ஏற்றினேன். டாங்கியை வெளியே வைக்கவில்லை, ஆள் போனபிறகு யாருக்காக? சுருக்கமாகத்தான் பேசினேன். முக்கால் மணி நேரம்.

போட்டிக்கு அனுப்பியிருந்த டாங்கியைக் கோயம்புத்தூர்க்காரர்கள் நெருக்கத்தில் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். மூடி, இடுக்கு, கை. அந்தப் படத்தைத் தெரு வாட்ஸப் குழுவில் போட்டது நான்தான். வேறு யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மறுநாள் காலை கோமதியம்மாள் போனோடு வந்தார். படத்தை விரலால் பெரிசாக்கிக் காட்டினார்.

“தம்பி, இது அவுக கை.”

“இல்ல மதினி. தாமஸ்னு பட்டாளத்துல ஒரு பையன். அவன் கை.”

“அந்தப் பையனுக்கும் கரும்பு மிஷின்லதான் விரல் போச்சோ?”

அப்போதுதான் நானும் கவனித்தேன். மோதிர விரலைப் பாதியோடு நிறுத்தியிருந்தேன். கண்டது கண்டபடி.

அவர் அழவில்லை. “தட்டும்போதுதான் அவுக கை இப்பிடி மடங்கும்,” என்றார். “தூங்குதவுக எதுக்குத் தம்பி தட்டுனாக?” பதிலுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்து உங்களிடம் வந்துவிட்டார்.

ஆக, கேட்டதற்கு நேரான பதில்: மாத்திரை என் பையில் இருந்தது. தட்டியது கேட்டது. தட்டினால் என்ன அர்த்தம் என்று தெரியும். தெரிந்தே கொடுக்கவில்லை. என் பங்குக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். அண்ணாச்சியும் வாய்க்காலில் கிடந்தது பத்து நிமிடம்தான். அவர்மேல் யாரும் புகார் எழுதவில்லை, மெடல் குத்தி அனுப்பினார்கள். அவர் கிடந்ததால் உலகத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் உட்கார்ந்ததால் ஒரு உண்மையான டாங்கி கிடைத்திருக்கிறது.

போட்டி முடிவு நேற்று வந்ததாக ஏட்டையா என் போனைப் பார்த்துச் சொன்னார். ஆறுதல் பரிசு. நடுவர் குறிப்பையும் படித்துக் காட்டினார்: ‘துரு பரவாயில்லை. உருவத்தின் கையில் ஒரு விரல் உடைந்திருக்கிறது. இரண்டு மதிப்பெண் குறைக்கப்பட்டது.’