ஓரத்தில் நீலம்

தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது எல்லாரும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். நான் பார்ப்பதில்லை. மீனின் மேல் படிந்திருக்கும் வழுவழுப்பை ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பேன். தெளிவாக இருந்தால் வாங்குவேன். கலங்கியிருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவேன். மீன்காரர் அப்துல் காதர் என்னைக் கண்டதும், "டாக்டர் விரல் வச்சா மீனு பாஸ்" என்பார். வீட்டில் யாரும் என் மீனைக் குறை சொன்னதில்லை.

மாணிக்கம் சார், நீங்கள் வழக்கறிஞர். மருத்துவமனை அமைத்த விசாரணைக் குழுவில் தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். எனவே உங்களிடம் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் சொன்னால் நான் ஏதோ தற்காப்புக்காகப் பேசுவதுபோல் தோன்றும்.

நம் பெருங்குடலின் உட்சவ்விலும் அப்படியொரு வழுவழுப்பு உண்டு. சீதம் என்போம். புரத இழை ஒன்றில் சர்க்கரைச் சரங்கள் தொங்கும் பொருள் அது. நல்ல குடலில் அந்தச் சர்க்கரையில் கந்தகம் ஏறியிருக்கும். புற்றுக்கட்டி வந்துவிட்டால், அதை ஒட்டி, பார்வைக்கு நன்றாகவே இருக்கும் சவ்வில்கூடக் கந்தகம் குறைந்து சியாலிக் என்ற வேறோர் அமிலம் கூடிவிடும். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, இரும்பு கலந்த சாயத்தில் நெடுநேரம் ஊறவிட்டு, பிறகு நீலச் சாயம் ஏற்ற வேண்டும். கந்தகம் உள்ள சீதம் கரும்பழுப்பாகும். மற்றது நீலமாகும். இதில் முதல் சாயம் நச்சுத்தன்மை உள்ளது. அதைக் கையாளப் பிறர் தயங்கினார்கள். நான் தயங்கவில்லை.

நான் நோயாளிகளைப் பார்ப்பதில்லை; வெட்டியெடுத்த சதையை ஆராய்வதுதான் என் வேலை. எழுபதுகளின் கடைசியில், அறுவையில் வெட்டி எடுத்த குடல்களின் ஓரங்களை இப்படிப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினேன். வெட்டிய ஓரம் பழுப்பாக இருந்தவர்கள் பெரும்பாலும் நலமாக இருந்தார்கள். ஓரத்தில் நீலம் இருந்தவர்களில் பலருக்குக் கட்டி திரும்ப வந்தது. லண்டனில் இருந்து பாராட்டி எழுதினார்கள். தமிழ்ப் பத்திரிகையில் என் படம் வந்தது. காத்தோங்கில் என் வீட்டுக்குக் கோயில்காரர்கள் மாலையோடு வந்தார்கள். என் தங்கை அருள்ஜோதி அந்தச் செய்தியை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டினாள், மாதா படத்துக்குச் சற்றுக் கீழே.

அவள் கணவர் பெர்னார்ட். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநர். புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி வீட்டில் இருந்தார்கள். குழந்தை இல்லை. சனிக்கிழமைதோறும் இருவரும் நொவேனா செபத்துக்குப் போய்க் குழந்தை வேண்டிக்கொள்வார்கள். பெர்னார்டுக்கு நல்ல கனத்த குரல். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் அவர் பாட்டெடுத்தால் பின்வரிசையில் பேசிக்கொண்டிருப்பவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள். எந்த இடத்துக்குப் போனாலும் அங்கே ஒரு கூட்டம் சேர்ந்துவிடும் மனிதர். எனக்கு அவரைப் பிடிக்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது தவறு.

அந்த விருந்தைப் பற்றிக் கேட்டீர்கள். பெர்னார்டின் அக்காள் அல்போன்சம்மாளின் பேத்திக்கு ஞானஸ்நானம். அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் மேசை போட்டுச் சாப்பாடு. ஆட்டுக்குடல் குழம்பு பரிமாறினார்கள். பெர்னார்ட் ஒரு தட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"மச்சான், சாப்பிடறதுக்கு முந்தி இந்தக் குடலு என்ன கலருன்னு பாத்துச் சொல்லுங்க லா."

"மாப்பிள்ளை, வெளக்கு சரியில்ல," என்றேன் நான். நானும் வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எங்க மச்சான் பெரிய டாக்டர் லா. இந்த சிங்கப்பூர்லயே அவருகிட்டப் போன எந்தக் குடலும் திரும்பி வந்து கம்ப்ளெயின்ட் பண்ணதில்ல. உசுரோட உள்ளவன் யாரும் அவருகிட்டப் போகவே மாட்டான், அது வேற விஷயம்!"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குழம்பைச் சாப்பிட்டேன். உறைப்பு சற்று அதிகம். யார் யார் சிரித்தார்கள் என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை. வீட்டு விசேஷங்களில் இப்படிப் பேசிக்கொள்வது இயல்பு. அதை மனத்தில் வைத்துக்கொள்கிறவன் சின்ன மனிதன்.

பிறகு எண்பத்துமூன்றில் ஒரு மாநாட்டுக்குப் போனேன். அங்கே வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் தன் கண்ணாடித் தகடுகளைத் திரையில் காட்டினார். நீலம் புற்றுக்கு மட்டும் உரியதல்ல, குடலை எது புண்படுத்தினாலும் வரும் என்பது அவர் வாதம். சாதாரணப் புண்ணுக்குப் பக்கத்தில் நீலம். வேறு உறுப்பிலிருந்து வந்து ஒட்டிய கட்டிக்குப் பக்கத்தில் நீலம். அறுவையில் குடலை இணைத்துத் தைத்த இடத்தில், தையல் ஆறும்போது, நல்ல நீலம். ஊர் திரும்பியதும் தையல் இடத்துத் துணுக்குகளுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அதன் பிறகு அப்படிப்பட்ட துணுக்குகள் வந்தபோதெல்லாம், 'தையல் ஆறுவதால் வந்த மாற்றம், வேறொன்றும் செய்ய வேண்டாம்' என்றே எழுதினேன். தவறை உணர்ந்ததும் திருத்திக்கொண்டேன் என்பதைக் குழு கவனிக்க வேண்டும்.

மறு ஆண்டு பெர்னார்டுக்கு மலத்தில் இரத்தம் போனது. அருள்ஜோதிதான் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். நான்தான் டாக்டர் லிம்மிடம் அழைத்துப் போனேன். அவரைவிட நல்ல குடல் அறுவை மருத்துவர் அப்போது இல்லை. சிறிய கட்டி, தொடக்க நிலை. லிம் அதை வெட்டியெடுத்துக் குடலை இணைத்தார். ஆசனவாய்க்குச் சற்று மேலே தையல். வெட்டிய ஓரம் என் மேசைக்கு வந்தது. முழுக்கப் பழுப்பு. அப்படியே எழுதிக் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் பெர்னார்ட் மீண்டும் கிரேன் ஏறினார். ஈஸ்டர் பூசையில் பாடினார். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து, எல்லார் முன்னிலையிலும், "மச்சானுக்கு இப்பதான் உசுரோட ஒரு பேஷன்ட் கெடச்சிருக்கான் லா" என்றார். மறுபடியும் சிரித்தார்கள்.

அடுத்த பரிசோதனையில் லிம் தையல் இடத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினார். சாயம் ஏற்றினேன். நீலம்.

வேறொருவரைப் பார்க்கச் சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். அந்தச் சாயம் அப்போது என் ஆய்வுக்கூடத்தில் மட்டும்தான் இருந்தது.

லிம் என் அறைக்கு வந்து உருப்பெருக்கியில் தானே பார்த்தார். தையல் ஆறும் இடத்தில் இப்படி வரக்கூடுமோ என்று கேட்டார். வரக்கூடும் என்றேன். வேறு யாராவது என்றால் காத்திருக்கலாம் என்பேன், ஆனால் இது உங்கள் தங்கையின் கணவர், என்னைவிட இந்த நீலம் உங்களுக்குத் தெரியும், நீங்கள் சொல்லுங்கள் என்றார். "என் குடும்பம் என்பதால் என்னால் காத்திருக்க முடியாது," என்றேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். சொந்தக்காரர் விஷயத்தில் ஒரு மருத்துவன் பயந்தால் அதை அன்பு என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள்.

இந்த முறை கீழ்க்குடல் முழுவதையும் ஆசனவாயோடு எடுக்க வேண்டும். வயிற்றில் இடப்பக்கம் ஒரு துளை, அதில் நிரந்தரமாக ஒரு பை. லிம் ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த இடத்து நரம்புகள் காயப்படலாம், அதன் பின் தாம்பத்தியம் இருக்காது, குழந்தைக்கு வழியில்லை, இதை அவர்கள் இருவரும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். பெர்னார்டின் ஆங்கிலம் துறைமுகத்துக்குப் போதும், இதற்குப் போதாது. அருள்ஜோதி என் முகத்தைப் பார்த்தாள். தமிழில் எடுத்துச் சொல்லும்படி லிம் என்னிடம் விட்டார்.

பெர்னார்ட் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஈரமாக இருந்தது.

"என்ன கலரு மச்சான்?"

"நீலம், மாப்பிள்ளை."

"நல்லா பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தேன்."

பையைப் பற்றிச் சொன்னேன். இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்று சொன்னேன். எத்தனை வாரம் படுக்கை என்று சொன்னேன்.

"அண்ணே, வேற எதுவும் பாதிக்குமா?" என்று அருள்ஜோதி கேட்டாள்.

"பையப் பழகிக்கணும், அவ்வளவுதான்."

அதைப் பொய் என்று நீங்கள் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். 'அவ்வளவுதான்' என்பது பேச்சை முடிப்பதற்கு நாம் சொல்லும் சொல். அதற்குமேல் அதில் அர்த்தம் தேட வேண்டியதில்லை.

"மச்சான் சொன்னா சரி," என்றார் பெர்னார்ட். கையெழுத்துப் போட்டார்.

வெட்டியெடுத்த குடலும் என் மேசைக்குத்தான் வந்தது. நானே திறந்தேன். ஒரு சாண் நீளத்துக்கு மேல் இருந்தது. நல்ல குடல், மாணிக்கம் சார். மடிப்புகள் ஒழுங்காக, சீதம் தெளிவாக. தையல் இருந்த இடத்தில் மட்டும் நூல் அகலத்துக்கு ஒரு நீல வளையம். மற்றதெல்லாம் பழுப்பு. புற்று எங்கும் இல்லை. அப்படியே எழுதினேன். வார்டுக்குப் போய், "சுத்தமா இருக்கு, மாப்பிள்ளை, ஒண்ணுமே இல்ல" என்றேன். அவர் என் கையில் முத்தமிட்டார். அருள்ஜோதி அழுதாள். நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.

கிரேன் அறையில் கழிப்பறை கிடையாது. மேலே ஏறினால் இறங்கப் பல மணி நேரமாகும். அவரைக் கீழே வாயில் காவலுக்கு மாற்றினார்கள். தஞ்சோங் பகாரில் புது ரயில் வந்த பிறகும் அவர் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனார். ரயிலில் ஆட்கள் நெருங்கி நிற்பார்கள் என்றார். நொவேனா நின்றுபோனது. காரணத்தை அருள்ஜோதி என்னிடம் சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்லக்கூடிய விஷயம் அல்ல.

ஒரு முறை கோயிலுக்கு வந்தார். எழுந்தேற்றத்தின்போது, குருவானவர் அப்பத்தை உயர்த்தும் நேரத்தில், எல்லாரும் முழந்தாளில், மணிச் சத்தம் அடங்கிய அமைதி. அப்போது அவர் வயிற்றிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. நீளமாக வந்தது. அடக்க முடியாது; அந்தத் துளைக்கு அடக்கும் தசை இல்லை. பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள், பிறகு வேறு யாரோ. நான் முன்வரிசையில் இருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பூசையின் நடுவில் திரும்பிப் பார்ப்பது மரியாதையில்லை. அதன் பிறகு அவர் கோயிலுக்கு வரவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மட்டும் என் வீட்டுக்கு இருவரும் வருவார்கள். சாப்பாட்டுக்குப் பின், "மாப்பிள்ளை, ஒரு பாட்டு" என்று நான் கேட்பேன். ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். உயிர் கொடுத்த மச்சான் கேட்டு எப்படி மறுப்பார்? இடக் கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு, மூச்சை முழுக்க இழுக்காமல் பாடுவார். பாதியில் நிறுத்திவிட்டுக் குளியலறைக்குப் போவார். யாரும் சிரிப்பதில்லை. அவர் மனம் தேறட்டும் என்றுதான் பாடச் சொல்கிறேன்.

போன ஆண்டு லிம் தன் பழைய நோயாளிகளைப் பற்றி எழுத உட்கார்ந்து, தையல் இடத்துக் கண்ணாடித் தகடுகளை எல்லாம் கேட்டு வாங்கினார். எல்லாவற்றிலும் நீலம். எல்லாவற்றிலும், வேறொன்றும் செய்ய வேண்டாம் என்று நான். பெர்னார்ட் ஒருவரைத் தவிர. அதனால்தான் நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

போன வாரம் பெர்னார்ட் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை, யார் வீட்டு நாற்காலியிலும் அவர் இப்போது உட்காருவதில்லை.

"மச்சான், ஆஸ்பத்திரிலேர்ந்து ஒங்களப் பத்தி என்னென்னமோ கேக்கறாங்க. புகாருன்னு கையெழுத்துப் போடச் சொன்னாங்க. எங்க மச்சான் இல்லன்னா நான் செத்துருப்பேன், போங்கடான்னு சொல்லிட்டேன்."

"நல்லது மாப்பிள்ளை," என்றேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். அது ஆறும் தையலின் நீலம் என்று எனக்குத் தெரியும். லிம் கேட்டபோதே தெரியும். எடுத்த குடலில் ஒன்றும் இருக்காது என்றும் தெரியும். நரம்பு விஷயத்தைத் தெரிந்தே சொல்லாமல் விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பெர்னார்டிடம் இதைச் சொல்லாதீர்கள். இவ்வளவும் தன் உயிருக்காகத்தான் என்ற நம்பிக்கை ஒன்றுதான் அவருக்கு மிச்சம். அதை இத்தனை ஆண்டு நான் பத்திரமாகக் காத்து வந்திருக்கிறேன். அதையும் பறிப்பீர்களானால், அந்தக் கொடுமை உங்களுடையது.

இன்னொன்று. விருந்து விஷயத்தை அறிக்கையில் சேர்க்க வேண்டாம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதை நான் அன்றே மறந்துவிட்டேன். அல்போன்சம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எதிர் மேசைச் சுந்தரம் வாத்தியார் வாயில் சோறோடு சிரித்தார். அவர்களெல்லாம் பிறகுதான். முதலில் சிரித்தது அருள்ஜோதி.