எதிரெதிர் ஜன்னல்

காஜா பேராங்கில் பஸ் ஏறினேன். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்கு மாலை எடுத்துக்கொண்டு இரண்டு பெண்கள் முன் இருக்கையில் இருந்தார்கள். மூத்தவர் சொன்னதைக் கேட்டதும் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

"என் பையனுங்க சண்டைய தீத்து வச்சது ஒரு கட்டடம்."

"எந்தக் கட்டடம், அக்கா?"

"பெட்டாலிங் ஜெயாவுல ஜோடியா நிக்குதே, ஒவ்வொண்ணும் பன்னெண்டு மாடி. கழுத்து வலிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன். என்னா அழகு. ஒண்ணுல பெரியவனுக்கு ஆப்பீசு, மத்ததுல சின்னவனுக்கு. ரெண்டும் ஒன்பதாவது மாடி, ஜன்னலு நேருக்கு நேரு."

"நாடு சொதந்திரமான மெர்டேக்கா வருசத்துலேருந்து அவங்களுக்குள்ள பேச்சே இல்லயே."

"தினமும் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குவானுங்களாம். ஒரு நாளு பெரியவன ஜன்னல்ல காணோம். மறுநாளும் காணோம். சின்னவன் பதறிப்போயி ஒன்பது மாடி எறங்கி, அந்தப் பக்கம் ஒன்பது மாடி ஏறியிருக்கான். லிஃப்டுக்குக்கூட நிக்கல."

"பெரியவருக்கு ஒடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் இருக்கான். ஆப்பீசுல அவன் மேசைய உள்பக்கம் மாத்திட்டாங்க."

"அப்புறம் என்னா பேசிக்கிட்டாங்க?"

"ரெண்டு பேருமா மேசைய தூக்கி, மறுபடியும் ஜன்னலுகிட்ட போட்டாங்க."