காற்று என் முகத்தில்தான் அடித்தது

பேக்கிங் சோடாவில் பல் தேய்த்தால் முதல் இரண்டு நாள் வாய் உப்புக் கரிக்கும். மூன்றாம் நாள் பழகிவிடும். இருபத்தாறு வருடமாக நவம்பர் மாதம் முழுக்க நான் அப்படித்தான் பல் தேய்க்கிறேன். புதினா பற்பசை மணக்க மணக்க மான் வேட்டைக்குப் போகிறவன், வேனில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு திருடப் போகலாம்.

மிஸ் ராட்கே, நீங்கள் வனத்துறைக்காரர். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் அறிக்கையின் மூன்றாவது வரியைப் படித்தால் தெரியாதவர் எழுதியதுபோல இருக்கிறது. அதனால்தான் முதலிலிருந்து சொல்கிறேன். என் வக்கீல் இரண்டு முறை இருமிவிட்டார். இருமட்டும்.

என் பெயர் வெர்லின் டோலஃப்சன். வயது அறுபத்தொன்று. காகித ஆலையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மாவட்டத்தில் காற்றைப் பற்றிச் சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருவார்கள்.

மானுக்குக் கண் சுமார். காது பரவாயில்லை. மூக்குதான் அதன் உயிர். நீங்கள் காலையில் தின்ற பன்றி இறைச்சி, வண்டிக்குப் போட்ட டீசல், நாயைத் தடவிய கை, எல்லாவற்றையும் கால் மைல் தள்ளி நின்று படித்துவிடும். ஆகவே மனிதன் தன்னை அழித்துக்கொள்ள வேண்டும். வாசனையில்லாத சோப்பில் குளிக்க வேண்டும். உடுப்பை வெளியே கொடியில் காயப்போட்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டியில் மண்ணும் ஊசியிலைக் கிளையும் சேர்த்து வைக்க வேண்டும். அதைக் காட்டின் விளிம்பில்தான் உடுத்த வேண்டும். ரப்பர் பூட்ஸைச் சமையலறைக்குள் கொண்டுவரக் கூடாது. கைப்பேசியை வண்டியிலேயே விட்டுவிட வேண்டும். அதைப்போல மனிதக் கை ஊறிய பொருள் வேறு கிடையாது.

இவ்வளவும் செய்தாலும் காற்று உங்களுக்குப் பின்னாலிருந்து அடித்தால் போச்சு. அதற்குத்தான் சட்டைப் பையில் காட்டெருக்கம் பஞ்சு வைத்திருப்பேன். ஒரு இழையை விரலில் எடுத்து விட்டால், காற்று போகிற வழியெல்லாம் அது போய்க் காட்டும். பிறகு குறிப்பேட்டில் எழுதுவேன். அந்தக் குறிப்பேடு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. அதைத் திறக்காமலே அறிக்கை எழுதியிருக்கிறீர்கள்.

என் மனைவி ஆர்டிஸ் இதற்கெல்லாம் ஒத்துழைத்தாள். நவம்பரில் எங்கள் வீட்டில் வெங்காயம் வதங்காது. அவள் கைக்குத் தடவும் லாவெண்டர் களிம்பு அந்த மாதம் குளியலறை அலமாரிக்குள் போய்விடும். நாயை அவள் தங்கை வீட்டில் விடுவோம். ஒரு வருடம் அது திரும்பி வரவில்லை. அங்கேயே பழகிவிட்டதாம். நான் கராஜில் கட்டில் போட்டுப் படுப்பேன். அவள் ஒரு தடவைகூட சண்டை போட்டதில்லை. சண்டை போடாததைச் சம்மதம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

என் தம்பி லைல் இதற்கு நேர் எதிர். லாரி மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளாதவன். செர்ரி மணக்கும் புகையிலையைப் பைப்பில் திணித்து, மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்தே புகைப்பான். பொரித்த பன்றி இறைச்சியைக் காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்திருப்பான். மனிதன் என்று தூரத்திலேயே தெரிய வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு கோட்டை அவன் வாங்கிய நாளிலிருந்து துவைத்ததில்லை. ஆனால் வருடா வருடம் முதல் நாள் காலையிலேயே மான் அடித்துவிடுவான். கொம்பு பெரியதாக இருக்கும்.

இதில் எனக்குக் கோபம் இல்லை. அதிர்ஷ்டம் என்று ஒன்று இருக்கிறது. இருபது வருடம் தொடர்ந்து இருக்கிறது, அவ்வளவுதான்.

போன வருட நவம்பரில் ஆர்டிஸுக்குப் புற்றுநோய் கல்லீரலுக்குப் போய்விட்டது. முன் அறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தோம். வேட்டை தொடங்கும் சனிக்கிழமை விடியலில் நான் குளித்து முடித்து, கதவருகே நின்று, போய்வருகிறேன் என்றேன்.

"வெர்லின், ஒரு நிமிஷம் கிட்ட வந்துட்டுப் போங்களேன்."

"குளிச்சிட்டேன் ஆர்டிஸ்."

"தெரியும். சும்மா கையைக் குடுங்க."

"சாயங்காலம் வந்து உக்கார்றேன். சரியா?"

"சரி," என்றாள். அவளே சரி என்றாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வலிக்கு அந்தக் களிம்பைத்தான் கையெல்லாம் தடவியிருந்தார்கள். அந்தக் கையைப் பிடித்தால் மூன்று நாளைக்கு வாசனை போகாது. அந்த வருடம் நான் பாதிரியாருக்காகக் காத்திருந்தேன். பாதிரியார் என்பது ஒரு கிழட்டு ஆண்மான். இடது காது பிளந்தது. பிரசங்க மேடையில் நிற்பதுபோல அசையாமல் நிற்கும். ஆறு வருடமாக என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது. அன்றும் வரவில்லை.

பத்து மணிக்கு ஆர்டிஸ் இறந்துவிட்டாள். அன்று லைல் காட்டுக்கே போகவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எனக்குப் பதினோரு முறை போன் செய்தானாம். போன் வண்டியில் இருந்தது. அது எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் செய்தான். பிறகு எல்லோரிடமும் சொல்வதற்காக இருக்கலாம்.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் முகாம் குடிலில் நான், லைல், எங்கள் பெரியப்பா மகன் நார்ம் மூன்று பேரும் இருந்தோம். நார்ம் மான் இறைச்சியும் பீன்ஸும் போட்டுக் காரமாக ஒரு குழம்பு வைத்திருந்தான். நான் வழக்கம்போல வேகவைத்த உருளைக்கிழங்கைக் குடிலுக்கு வெளியே நின்று தின்றேன்.

"அண்ணே, உள்ள வந்து தின்னா செத்தா போயிடுவே?" என்றான் லைல், வாசலில் பைப்போடு நின்றுகொண்டு.

"புகையை அந்தப் பக்கம் விடுடா."

"மானுங்க கூடிப் பேசிக்குதாம் அண்ணே. 'இந்தக் காட்டுல ஒரு வாசனையே இல்லாத இடம் இருக்குடா, அங்கதான் வெர்லின் உக்காந்திருப்பான், சுத்திப் போயிடு'ன்னு."

நார்ம் குழம்பு புரையேறச் சிரித்தான். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"பேக்கிங் சோடா போட்டு ஊறவெச்சு அண்ணனை அடுப்புல வெச்சா கேக்காட்டம் உப்பிடுவாருடா," என்றான் நார்ம்.

"நீயும் ஒரு தடவை குளிச்சுப் பாரு லைல்," என்றேன். "மான் வேணாம், பொண்ணாவது கிடைக்கும்."

அது சாதாரணக் கிண்டல். நாங்கள் நாற்பது வருடமாக இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். ஆனால் அவன் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டான். குரல் இறங்கிவிட்டது.

"ஒண்ணு சொல்லணும்ணே. ஒரு வருஷமா மனசுலயே கிடக்கு. அன்னிக்கு அண்ணி என்கிட்ட என் கோட்டைக் கேட்டாங்க."

"எதுக்கு?"

"'அவர் வாசனை எப்படி இருக்கும்னு எனக்கு மறந்துபோச்சு லைல். ஒரு மனுஷ வாசனையாவது பக்கத்துல இருக்கட்டும், உன் கோட்டைப் போர்த்திவிடு'ன்னாங்க. போர்த்திவிட்டேன். அதுக்குள்ளதான் போனாங்க."

நார்ம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னைக் குத்திக் காட்டச் சொல்லலைண்ணே. உன் மேல எனக்குக் கோவம் இல்ல. தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு."

"சரி," என்றேன். உருளைக்கிழங்கைத் தின்று முடித்தேன். அதன் பிறகு நாங்கள் வேறு விஷயம்தான் பேசினோம்.

மறுநாள் சனிக்கிழமை. இலேசான பனிமூட்டம். நான் என் பரணில், தரையிலிருந்து பதினெட்டு அடி உயரத்தில். லைலின் இடம் வடமேற்கே ஓடைக்கரையில். ஏழு இருபதுக்குப் பஞ்சு விட்டேன். என் நெஞ்சைத் தொட்டுப் பின்பக்கம் போயிற்று. வடமேற்குக் காற்று, மெல்லியது, மாறாதது. அதையே எழுதினேன். ஏழரைக்கு ஓடைப் பக்கம் ஒரு வெடிச் சத்தம். ஒன்றே ஒன்று. லைல் இரண்டாவது குண்டு போடுகிறவன் அல்ல.

ஏழு ஐம்பதுக்குக் கீழே, நாற்பது கஜத்தில், இளம் ஊசியிலை மரங்களுக்கு மேலே கொம்பு அசைந்தது. பனியில் உடம்பு தெரியவில்லை. கொம்புக்குக் கீழே பிளந்த இடது காது தெரிந்தது. பாதிரியார்.

இதுவரை நான் உங்களிடம் முதலில் சொன்னதும் இதுவும் ஒன்றுதான். கொம்பைப் பார்த்தேன், சுட்டேன், போய்ப் பார்த்தால் லைல் கிடந்தான். தான் ஏழரைக்கு அடித்த பாதிரியாரை இழுத்து வந்தவன், மூச்சு வாங்க நின்று, செத்த மானின் தலையைக் கொம்போடு இரண்டு கையாலும் நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறான். வியர்த்ததால் ஆரஞ்சு கோட்டைக் கழற்றி மானின் முதுகில் போட்டிருந்தான். மரங்கள் அதை மறைத்துவிட்டன. எல்லோரும் நம்பினார்கள். நார்ம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். சர்ச்சிலிருந்து ஒன்பது பேர் சாப்பாடு கொண்டுவந்தார்கள். நீங்களே என் தோளைத் தட்டினீர்கள்.

நான் அதோடு விட்டிருப்பேன். ஆனால் நார்ம் உங்களிடம் ஒன்று சொல்லியிருக்கிறான். மதுக்கடையிலும் சொல்லிக்கொண்டு திரிகிறான். "காத்து மட்டும் சரியா இருந்திருந்தா லைல் நாத்தத்தை அண்ணன் நூறு கஜத்துலயே புடிச்சிருப்பாரு. பாவம், வயசாயிடுச்சு, காத்தைத் தப்பாக் கணிச்சிட்டாரு." நீங்களும் இரக்கப்பட்டு அதை அறிக்கையில் மூன்றாவது வரியாக எழுதிவிட்டீர்கள்: 'துப்பாக்கி வைத்திருந்தவர் காற்றின் திசையைத் தவறாகக் கணித்து அமர்ந்திருந்ததால், வந்தவரின் வாடையை உணர வாய்ப்பிருக்கவில்லை.'

நான் எங்கே உட்காருகிறேன் என்று எனக்குத் தெரியும், மிஸ் ராட்கே.

காற்று என் முகத்தில்தான் அடித்தது. கொம்பு தெரிவதற்கு இரண்டு நிமிடம் முன்பே செர்ரிப் புகையிலை வந்துவிட்டது. பிறகு பன்றிக் கொழுப்பு. பிறகு டீசல். எல்லாவற்றுக்கும் கடைசியில், மிக மெல்லியதாக, லாவெண்டர். அவன் கோட்டைத் துவைப்பதில்லை என்றேன் அல்லவா? ஒரு வருடம் கழித்தும் அவள் கை அதில் இருந்தது. என் வீட்டில் அந்த வாசனை ஒரு இடத்திலும் இல்லை. தலையணை உறை முதற்கொண்டு நான் துவைத்துவிட்டேன். அதை எனக்குத் தெரியாமல் காட்டுக்குள் எடுத்துத் திரிந்திருக்கிறான்.

என்னிடம் மானைக் காட்டத்தான் அந்த வழியாக வந்தான். அவன் பாதை அதுவல்ல. சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாம். என் பரணுக்குப் பக்கத்தில் சத்தம் போடாதே என்று நான்தான் இருபது வருடமாகச் சொல்லி வந்தேன். அந்த ஒரு விஷயத்தில் என் பேச்சைக் கேட்டான்.

கொம்பைத் தூக்கிப் பிடித்திருக்கிற மனிதனுக்கு நெஞ்சு எங்கே இருக்கும் என்று நிதானமாக யோசித்தேன். யோசித்த இடத்தில் சுட்டேன். என் தம்பியை, தம்பி என்று தெரிந்துதான் சுட்டேன்.

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு வேட்டை தெரியாது.

ஆகவே அந்த மூன்றாவது வரியை அடித்துவிடுங்கள். காற்று வடமேற்கு, அவர் சரியாகக் கணித்திருந்தார் என்று எழுதுங்கள். நாற்பது கஜத்தில் நின்றும் லைலுக்கு என் வாடை எட்டவில்லை, அதையும் எழுதலாம். கோபத்தில் செய்தார் என்று மட்டும் எழுதாதீர்கள். கோபப்பட்டால் வியர்க்கும். வியர்த்தால் வாடை வரும். இருபத்தாறு வருடத்தில் பரணில் எனக்கு ஒரு முறைகூட வியர்த்ததில்லை. அன்று நீங்கள் பையில் போட்டு எடுத்துப்போன என் உள்சட்டை பிழியப் பிழிய நனைந்திருந்தது என்கிறீர்கள். அது பனிமூட்டம்.